கார் கிளைமை மறுத்துவிட்டார்களா? முதலில் அதை எழுத்தில் வாங்குங்கள்

"உங்கள் கிளைம் பாலிசி நிபந்தனைகளின்படி ஏற்கத்தக்கதல்ல" என்று ஓர் எஸ்.எம்.எஸ். வரும். எந்த நிபந்தனை, யார் முடிவெடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. கார் ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கம் பிரித்துப் போட்டபடி கிடக்கும். பேங்க் லோன் தவணை தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கும். ஆட்டோவுக்கும் கால் டாக்சிக்கும் கொடுத்தே சம்பளத்தில் ஒரு பங்கு கரையும். ஒர்க்‌ஷாப்காரர் வேறு, "வேலை ஆரம்பிக்கலைன்னா பார்க்கிங் சார்ஜ் விழும் சார்" என்பார். இத்தனை வருஷம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவனைத் திருடன் மாதிரி நடத்துகிறார்களே என்ற ஆத்திரத்தில் கால் சென்டருக்குப் போன் போட்டுக் கத்துவோம். அதனால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. இந்த அலைச்சலைத் தனியாகப் பட்டு முடித்தவன் என்ற முறையில், முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றை வரிசையாக எழுதுகிறேன். சொந்த உபயோகக் கார், முழுக் காப்பீட்டுப் பாலிசி, விபத்தில் நம் வண்டிக்கு ஆன சேதம், இந்த எல்லைக்குள்தான் பேச்சு. எதிராளிக்குத் தர வேண்டிய மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கு விதியும் வேறு, தீர்ப்பாயமும் வேறு.

பின்னால் உதவப்போகிற சாட்சியங்களில் பாதி, விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் அழிந்துபோகிறவை. வண்டியை நகர்த்தும் முன் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள்; நம்பர் பிளேட்டும் சேதமும் ஒரே படத்தில் வர வேண்டும். ஓடோமீட்டர், டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகள், சாலையில் கிடக்கும் கண்ணாடித் தூள், பிரேக் பிடித்த தடம் எல்லாவற்றையும் எடுங்கள். பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: மோதிய கம்பத்திலோ சுவரிலோ நம் காரின் பெயிண்ட் ஒட்டியிருக்கும் இடம். அதைக் கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று. முடிந்தால் தரையிலிருந்து அந்தக் கீறல் வரை ஒரு டேப்பைப் பிடித்து உயரம் தெரியும்படி இன்னொன்று. பம்பரில் இருக்கும் பள்ளத்துக்கும் அதே மாதிரி. 'சேதம், சொல்லப்பட்ட காரணத்தோடு பொருந்தவில்லை' என்று எழுதி மறுப்பது சகஜம். இரண்டு உயரமும் ஒத்துப்போகிற அந்த இரண்டு படங்களுக்கு எதிராக அவர்களால் அதிகம் பேச முடியாது. டேஷ்கேம் இருந்தால் கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஓடவிட்டால் பழைய பதிவின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். பக்கத்துக் கடை சிசிடிவியும் சில நாளிலோ வாரத்திலோ அழிந்துவிடும், அன்றைக்கே கேட்டு வாங்க வேண்டும்.

நிறுவனத்துக்குப் போனில் சொல்லிக் கிளைம் நம்பர் வாங்கிவிட்டு, அதே நாளில் அந்த நம்பரைக் குறிப்பிட்டு நான்கு வரி மெயில் அனுப்புங்கள்: எப்போது, எங்கே, யார் ஓட்டினார், எதில் மோதியது. யாருக்காவது காயம் என்றால் போலீசுக்குப் போயே ஆக வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடாமல் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தால் அதையும் பத்திரமாக வைத்திருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, வாங்கி நிதானமாகப் படியுங்கள். விபத்து எப்படி நடந்தது, ஓட்டுநர்மேல் மது வாசனை இருந்ததா என்று டாக்டர் எழுதிய ஒரு வரி மொத்தக் கிளைமையும் முடிவு செய்யலாம். அவசரத்தில் உறவினர் யாரோ சொன்னதை எழுதியிருப்பார்கள். அதில் ஓட்டியவர் பெயரே மாறியிருந்தால் உடனே திருத்தக் கேட்க வேண்டும்.

வண்டி ஓடுகிற நிலையில் இருந்தாலும், அடியில் பலத்த அடி பட்டிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்பீட் பிரேக்கரிலோ கல்லிலோ ஆயில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, இடித்து ஆயில் ஒழுகும். சிவப்பு ஆயில் விளக்கு எரியும். ஒர்க்‌ஷாப் பக்கம்தானே என்று மெதுவாக ஓட்டிப் போவோம். ஆயில் அழுத்தம் இல்லாமல் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் ஜாம் ஆகிவிடும். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்த்து, சில ஆயிரம் ரூபாய் சம்ப்புக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்துவிட்டு, லட்சத்தைத் தாண்டும் எஞ்சின் வேலைக்கு 'தொடர் சேதம்' என்று கையை விரிப்பார். கசப்பாக இருந்தாலும் இது அவர்கள் பக்கம் வலுவான வாதம். விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் ஓட்டினால் கூடுதலாக ஆகும் சேதம் உரிமையாளர் தலையில் என்று வழக்கமான பாலிசி நிபந்தனையே சொல்கிறது. மழை வெள்ளத்தில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறுவதும் இதே கணக்குதான். சாவியைத் தொடாமல் டோ வண்டிக்குச் சொல்லுங்கள், டோ ரசீதையும் எடுத்து வையுங்கள். வண்டி ஓட்டப்படவில்லை என்பதற்கு அதுவே சான்று.

தொகை கொஞ்சம் பெரிதானால் சர்வேயரைத் தவிர விசாரணை அதிகாரி என்று இன்னொருவர் வருவார். அன்பாகத்தான் பேசுவார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார், இங்க ஒரு கையெழுத்து" என்று ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டுவார். சில சமயம் வெற்றுத் தாளாகவும் இருக்கும். வெற்றுத் தாளில் கையெழுத்து கூடவே கூடாது. வாக்குமூலத்தை நீங்களே தமிழில் உங்கள் கையெழுத்தில் எழுதித் தரலாம். தேதி நேரம் போட்டு, கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளைம் படிவம், முதல் மெயில், போலீஸ் மனு, ஏ.ஆர். காப்பி, இந்த வாக்குமூலம் ஐந்திலும் ஒரே விவரம் இருக்க வேண்டும். தம்பி ஓட்டினான், அவன் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, நான் ஓட்டியதாகப் போட்டுவிடலாம் என்று ஏஜென்ட்டே யோசனை சொல்வார். கேட்காதீர்கள். போன் டவர் விவரமும் டோல்கேட் படமும் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டால், பொய் சொன்னதற்காகவே கிளைம் போகும், வாதாட மிச்சம் எதுவும் இருக்காது.

முழு மறுப்பும் ஒன்று, தொகையைக் குறைப்பதும் ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போனால் நம் பக்கம்தான் பலவீனமாகும். சாதாரணப் பாலிசியில் தேய்மானம் பிடிப்பது முறையானதே. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம். ஃபைபர் கிளாசுக்கு 30. கண்ணாடிக்கு எதுவும் இல்லை. உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்தது: முதல் 6 மாதம் பிடித்தம் இல்லை, ஒரு வருஷம் வரை 5 சதவீதம், 2 வருஷம் வரை 10, 3 வரை 15, 4 வரை 25, 5 வரை 35, 10 வரை 40, அதற்கு மேல் 50. நாலரை வருஷக் கார் ஒன்றின் பில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: பம்பர் 12,000, பானெட் 20,000, முன் கண்ணாடி 9,000, பெயிண்டிங் 16,000, லேபர் 8,000, ஆக 65,000 ரூபாய். பம்பருக்கு 6,000, பானெட்டுக்கு 13,000, கண்ணாடிக்கு முழு 9,000. பெயிண்டிங்கில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், எனவே 14,000. லேபர் முழுசாக 8,000. மொத்தம் 50,000, அதில் 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000 போக 49,000. இந்தக் கணக்கு சரியாக வந்தால் அவர்கள் ஏமாற்றவில்லை. வராவிட்டால் எந்த வரியில் இடிக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் இருட்டில் துழாவத்தான் முடியும். அறிக்கை தவறென்றால், லைசென்ஸ் உள்ள வேறொரு சர்வேயரை நம் செலவில் வைத்து மதிப்பீடு வாங்கலாம். சர்வே அறிக்கை முக்கியமானது, ஆனால் மாற்ற முடியாத கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது.

மறுப்புக்குச் சொல்லும் காரணங்களில் சில நிற்கும், சில நிற்காது. ஓட்டியவருக்கு அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்றால் கிட்டத்தட்ட நிற்கும். காலாவதிக்குப் பிறகு 30 நாள் சலுகை என்று பழைய நினைப்பில் இருக்காதீர்கள், 2019 சட்டத் திருத்தத்தில் அது போய்விட்டது. ஓன் போர்டு காரை, அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த காரை, வாடகைக்கு விட்டிருந்தாலும் பெரும் சிக்கல்தான். கூட வந்தவர்கள் சொந்தக்காரர்கள் என்றால், வாடகைச் சவாரி அல்ல என்று அவர்களிடமிருந்தே எழுதி வாங்கிக் கொடுங்கள். மது விஷயத்தில், ஊதிப் பார்க்கவில்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, எப்படி நிரூபிப்பார்கள் என்று சிலர் தைரியமாக இருப்பதுண்டு. பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், பரிசோதனை முடிவு இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளை வைத்து நிறுவனம் அதை நிரூபிக்கலாம் என்று சொல்லிக் கிளைம் மறுப்பை ஏற்றது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் விழும் குழி வேறு: ஆர்.சி. பெயர் மாறிவிட்டது, பாலிசி மட்டும் பழைய ஓனர் பெயரில் ஓடுகிறது. மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக நம்மிடம் வந்துவிடும், நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி வராது. கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கு முதல் இதுதான் சட்டம். பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றக் கேட்டுவிட வேண்டும். முந்தைய வருஷம் கிளைம் எடுத்துவிட்டு, புதிய நிறுவனத்தில் எடுக்கவில்லை என்று சொல்லி நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காதவர்களுக்கான பிரீமியத் தள்ளுபடி, வாங்கியிருந்தாலும் மாட்டிக்கொள்வோம். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது அந்தக் கட்டத்தில் என்ன டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள்.

நிற்காத காரணங்களில் முதலிடம் தாமதத்துக்கு. இரண்டு நாள் கழித்துச் சொன்னீர்கள் என்று இயந்திரம்போல மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011 செப்டம்பர் 20ஆம் தேதி சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தைப் பார்க்க வேண்டும். கார் திருட்டு வழக்குகளிலும், போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னது மட்டுமே மறுப்புக்குப் போதாது என்று 2020இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அடுத்தது 'ஆவணம் போதாது'. அந்தக் காரணத்தைச் சொல்லி எந்தக் கிளைமையும் நிராகரிக்கக் கூடாது என்று அதே ஆணையத்தின் 2024 ஜூன் முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. நிபந்தனை மீறல் இருந்தும் அது விபத்துக்குக் காரணமாக இல்லாத இடங்களில், ஒப்புக்கொள்ளத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கும் வழக்கமும் உண்டு. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. ஆகவே மனு எழுதும்போது முழுத் தொகையைக் கேட்டுவிட்டு, 'அல்லது குறைந்தபட்சம் 75 சதவீதம்' என்று மாற்றுக் கோரிக்கையும் சேருங்கள். இந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் நிறைய.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். மறுப்பை, பாலிசியின் எந்த ஷரத்தின்படி என்ற எண்ணோடு, கடிதமாகவோ மெயிலாகவோ வாங்குங்கள். எழுதிக் கொடுத்த காரணத்தைத் தாண்டி, வழக்கு மன்றத்தில் புதுக் காரணம் கிளப்ப அவர்களால் முடியாது. சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வாயால் சொன்னால் ஒவ்வொரு வாரமும் காரணம் மாறும்: முதலில் தாமதம், பிறகு லைசென்ஸ், பிறகு சேதம் பொருந்தவில்லை. அதனால்தான் எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. மறுத்துவிட்டோம் என்று சொல்லாமல், 'பதில் வராததால் ஃபைல் மூடப்பட்டது' என்று போட்டுவிடுவார்கள். நீங்கள் கொடுத்த ஆவணத்தையே மறுபடி கேட்டு ஒரு மெயில் வந்திருக்கும், அது ஸ்பேமில் கிடக்கும். கேட்ட ஒவ்வொன்றுக்கும் தேதியோடு பதில் அனுப்பி, கடைசி வரியாக 'நிலுவையில் வேறு ஆவணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்யவும்' என்று எழுதுங்கள். கால வரம்பையும் நினைவுபடுத்துங்கள்: ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கிளைம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர், 15 நாளுக்குள் அவர் அறிக்கை, அறிக்கை கிடைத்த 7 நாளுக்குள் முடிவு. இதைத் தேதி வாரியாக ஒரு பட்டியலாக்கி அனுப்பினால், பதில் எழுதும் ஆளே மாறுவார். அரசுத் துறை நிறுவனம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஃபைல் குறிப்புகளின் நகலையே கேட்கலாம். தனியாரிடம் அந்த வழி இல்லை.

கடிதம் கைக்கு வந்ததும், அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மறுசீராய்வு மனு. ஒரு பக்கம் போதும். ஆத்திரத்தை அதில் கொட்டாதீர்கள்; படிப்பவருக்கு அது நிராகரிக்கும் வேலையைச் சுலபமாக்கிவிடும். அவர்கள் சொன்ன ஷரத்து, அது ஏன் பொருந்தாது, இணைப்புகள், கேட்கும் தொகை, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றாலோ அதே பல்லவி வந்தாலோ ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் பதிவு செய்யுங்கள், 155255 என்ற எண்ணிலும் பதியலாம். இங்கே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். புகார் திரும்ப அதே நிறுவனத்துக்குத்தான் போகும், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தீர்ப்புச் சொல்லாது. ஆனாலும் மேலிடத்தில் ஒருவர் ஃபைலைத் திறந்து பார்ப்பார், நமக்கும் தேதியோடு ஒரு பதிவெண் கிடைக்கும்.

உண்மையான பலம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், ஒம்புட்ஸ்மன் என்று எல்லோரும் சொல்கிற அவரிடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அண்ணா சாலை, தேனாம்பேட்டையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் கூடாது, நாமே பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையான விவகாரங்களை எடுப்பார். நிறுவனத்துக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும். அவர்கள் நிராகரித்திருக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதிலில்லாமல் போயிருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆன்லைனிலேயே கொடுக்கலாம், விசாரணையும் வீடியோவில் நடக்கும். விசாரணையில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கதையை ஆதியிலிருந்து தொடங்கினால் நேரம் போய்விடும். 'ஷரத்து இது, என் ஆவணம் இது' என்று நேராக அதற்குப் போங்கள். நமக்குச் சாதகமாக உத்தரவு வந்தால் நிறுவனம் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2024 விதி. உத்தரவு பாதகமாக இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி அடைபடாது. முதலிலேயே அங்கே வழக்குப் போட்டுவிட்டால்தான் குறைதீர்ப்பாளர் நம் மனுவைத் தொடமாட்டார். ஆகவே வரிசை முக்கியம்.

நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு 2 வருஷம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. கட்டணம் காரின் விலையை வைத்து இல்லை, கொடுத்த பிரீமியத்தை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை என்பதால் ஏறக்குறைய எல்லாக் கார் வழக்குக்கும் இலவசம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதியலாம். கிளைம் தொகையோடு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். டோ கட்டணம், பார்க்கிங் கட்டணம் ரசீதுகள் இங்கேதான் உதவும். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தாக்களைப் பார்த்தவர்கள் அதை நம்பித் திட்டம் போடமாட்டார்கள். டேஷ்கேம், சிசிடிவி பதிவுகளைக் கொடுக்கும்போது மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும், இல்லையென்றால் எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

அதுவரை காரை என்ன செய்வது? காத்திருந்தால் பார்க்கிங் ஏறும், பேட்டரி போகும், எலி வயரைக் கடிக்கும். சொந்தப் பணத்தில் சரி செய்து எடுப்பதே பெரும்பாலும் லாபம், ஆனால் முன்கூட்டி எழுதுங்கள்: 'இந்தத் தேதியில் வேலை தொடங்குகிறேன், மறு ஆய்வு செய்ய விரும்பினால் அதற்குள் வரவும்.' வேலை நடக்கும்போது பிரித்த பாகங்களைப் படம் எடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடாமல் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஜி.எஸ்.டி. பில், பணம் கொடுத்த ஆதாரம், இரண்டின் அசலும் உங்களிடம் இருக்கட்டும்.

நடுவில் ஒருநாள் பாதித் தொகைக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லி டிஸ்சார்ஜ் வவுச்சர் அனுப்புவார்கள், 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்று அச்சடித்து. பணக் கஷ்டத்தில் கையெழுத்துப் போடுவதில் தப்பில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காகவே மீதியைக் கேட்கும் உரிமையைத் தடுக்கக் கூடாது என்று 2015 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது, ஆனால் கட்டாயத்தில் போட்டேன் என்று நாம்தான் காட்ட வேண்டும். எனவே வவுச்சரிலேயே 'ஆட்சேபத்துடன், மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆன்லைன் வவுச்சரில் எழுத இடமில்லை என்றால், சம்மதம் கொடுப்பதற்கு முந்தைய நிமிடம் அதே வாசகத்தை மெயிலில் அனுப்பிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள்.